பதினேழாவது கொக்கி

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இறங்கி ‘பல்கலைக்கழகத் தொழில்நுட்பத் துறை எங்கே’ என்று கேட்டால் அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. ‘துரு காலேஜ்’ என்று கேட்டால் கைரிக்‌ஷாக்காரர் நேராகக் கொண்டுபோய் இறக்கிவிடுவார். துருத் தடுப்புத் தொழில்நுட்பத் துறைக்கு ஊர் வைத்த பெயர் அது. கப்பலும் பாலமும் உப்புக்காற்றில் அரித்துப்போகாமல் இருக்க எதைப் பூசலாம் என்று ஆராய்வதற்காக, 1947இல், கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே ஒரு பழைய கிடங்கில் அதை ஆரம்பித்தார்கள். அந்தக் கிடங்கின் ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்துத்தான் கிடந்தது என்பது வேறு விஷயம்.

1972 ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எல்சி அந்தக் கிடங்கின் வாசலில் நின்றாள். முப்பத்துமூன்று வயது. துறை அலுவலகத்தில் பத்து வருஷமாக டைப்பிஸ்ட். அவள் அப்பா ஸ்டானிஸ்லாஸ் இதே துறையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ‘நம்ம ஸ்டானி பொண்ணு’ என்பதால்தான் அவளுக்கு வேலை கிடைத்தது என்று அவளுக்கே தெரியும்.

ஆகஸ்டில் துறைக்கு வெள்ளிவிழா. துறைத்தலைவர் சங்கரநாராயணன் போன வாரம் அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

“நம்ம சரித்திரத்தை நாம எழுதி வைக்கலைன்னா கரையான் எழுதிடும் எல்சி. பழைய ஷெட்டுல இருக்கிற பேப்பரையெல்லாம் பிரிச்சு, வருஷவாரியா டைப் பண்ணிக் குடுங்க. புஸ்தகமாப் போட்டுடலாம். ஷெட்டையும் ஒரு கண்காட்சியா வைப்போம். எல்லாம் அந்தக் காலத்துல இருந்த மாதிரியே இருக்கணும்.”

அவர் வாய் முகூர்த்தம், அப்படியே நடந்தது.

பியூன் கலீலுல்லா பூட்டைத் திறந்து, டைப்ரைட்டரை வாசற்படிக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு, தான் இந்தப் பக்கமே நின்றுகொண்டார். ஐம்பத்தைந்து வயது மனுஷர். துறை ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர்.

“நீங்க போங்கம்மா. நான் வெளிய கீறேன்.”

“இன்னா பாய், உள்ள பேய் கீதா?” என்று எல்சி சிரித்தாள்.

கலீலுல்லா சிரிக்கவில்லை. பூட்டைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்.

உள்ளே நுழைந்ததும் முதலில் வந்தது வாசனை. உப்பு, கிரீஸ், காய்ந்த பெயிண்ட்; அதற்கெல்லாம் அடியில், ஈரத்துணியை இஸ்திரி போடும்போது எழும்புமே, அந்த வெந்த ஆவி வாசனை. புதுக் கட்டடம் வந்து பன்னிரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்த இடத்தில் ஆவி எங்கிருந்து வந்தது என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

கிடங்கின் நடுவே யானை படுத்திருந்தது.

அது சோதனைத் தொட்டி. ஒரு பஸ் நீளத்துக்கு, உருளையாக, முழு இரும்பு. உள்சுவரில் பெயிண்ட் பூசி, உப்புநீரும் நீராவியும் ஏற்றி, எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். ஆள் நுழைய முன்பக்கம் ஒரு வட்டத் துளை, அதற்கு ஒரு மூடி, மூடிக்குப் பன்னிரண்டு போல்ட்டு. அங்கே வேலை பார்த்தவர்கள்தான் அதற்கு யானை என்று பேர் வைத்தார்கள். யானை வயிற்றுக்குள் போய்ப் பழைய பெயிண்டையும் துருவையும் சுரண்டிவிட்டு வருவது அவர்களுக்கு அன்றாட வேலை.

வாசலை ஒட்டிய சுவரில் ஒரு மரப்பலகை இருந்தது. இருபத்துநான்கு கொக்கி, ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு நம்பர். அதன் கதை எல்சிக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கிடங்குக்குள் போகிறவன் தன் பித்தளை டோக்கனைக் கொக்கியிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். வெளியே வரும்போது திருப்பி மாட்டுவான். பலகை நிறைந்திருந்தால் உள்ளே ஒருவரும் இல்லை என்று அர்த்தம். அப்போதுதான் யானையின் வாயை மூடலாம். தலையை எண்ணவே வேண்டாம், டோக்கனை எண்ணினால் போதும்.

இப்போது பலகை காலி. டோக்கன்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் களிம்பேறிக் கிடந்தன. எல்சி வீட்டிலிருந்து கொண்டுவந்த புளியைக் கரைத்து, வெளிக்குழாயடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். நாலாம் நம்பர் அவள் அப்பாவுடையது. அதை மட்டும் இரண்டு தடவை தேய்த்தாள். இருபத்துமூன்றும் பளிச்சென்று வந்துவிட்டன. டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த பதினேழாம் நம்பர் மட்டும் எத்தனை தேய்த்தும் பச்சையாகவே இருந்தது.

எல்லாவற்றையும் மாட்டினாள். கடைசியாகப் பதினேழு. பலகை நிறைந்தது. எதையும் ஒழுங்காக அடுக்கிப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் உண்டு. இரண்டடி பின்னால் தள்ளி நின்று ரசித்தாள்.

துறைமுகத்துப் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. சங்கு ஓய்ந்தது.

தட். தட். தட்.

கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் சுத்தியல் போடுகிறார்கள் என்று நினைத்தாள்.

தட். தட். தட்.

சத்தம் துறைமுகப் பக்கமிருந்து வரவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. கலீலுல்லா படியைத் தாண்டாமல், பலகையைப் பார்த்தபடி நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை.

“அத்த எடுத்துடுங்கம்மா.”

“எத்த பாய்?”

“பதினேழு. அத்த மாட்டாதீங்க.”

ஏதோ கிழவர் பயம் என்று தோன்றினாலும் கை தானாகப் போய் டோக்கனை எடுத்தது. சத்தம் நின்றது. டோக்கன் அடுப்பிலிருந்து இறக்கிய கரண்டி மாதிரிச் சுட்டது.

காரணம் கேட்டாள். “பேப்பர்ல கீதும்மா, படிச்சுக்கோங்க” என்றார். அவ்வளவுதான்.

பேப்பரில் இருந்தது. புதன்கிழமை பிற்பகல் அகப்பட்டது. 1953ஆம் வருஷக் கோப்பில், இரண்டே பக்கம்.

சுரண்டும் வேலை பார்த்த ஜேக்கப், டோக்கன் 17, ஒருநாள் காலை தொட்டிக்குள் பிணமாகக் கிடந்தார். முந்தைய நாள் பகல் பன்னிரண்டுக்கு அவருடைய டோக்கன் பலகையில் இருந்தது. ஆகவே அவர் அப்போதே வேலை முடித்து வெளியேறிவிட்டார். பலகை நிறைந்திருப்பதைப் பார்த்த பிறகே பன்னிரண்டரைக்குத் தொட்டி மூடப்பட்டு நீராவி ஏற்றப்பட்டது. இடைப்பட்ட அரை மணி நேரத்தில், பித்தளைச் சாமான்களைத் திருடும் நோக்கத்தோடு அவர் ரகசியமாக உள்ளே புகுந்திருக்க வேண்டும். இது பணியின்போது நேர்ந்த மரணம் அல்ல.

கீழே ஒரு சாட்சிக் கையெழுத்து. ‘டோக்கன் 17 பலகையில் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். எஸ். ஸ்டானிஸ்லாஸ், மெக்கானிக்.’

எல்சி கையெழுத்தை இரண்டு தடவை படித்தாள். ஜேக்கப்பை அவளுக்கு நினைவிருந்தது. அப்பாவின் உயிர்த்தோஸ்து. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் இரண்டு பேரும் தோள்மேல் கைபோட்டுக்கொண்டுதான் வெளியே வருவார்கள். ஜேக்கப்பின் மனைவி சிலுவையம்மாள் இன்றைக்கும் கோயில் முனையில் கருவாடு விற்கிறாள். பூசைக்கு வந்தால் கடைசி பெஞ்சில் உட்காருவாள். தெருப்பிள்ளைகள் அவள் பின்னால் ‘பித்தளை, பித்தளை’ என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். பதினாலு வயதில் எல்சியும் ஓடிக் கத்தியிருக்கிறாள்.

கோப்பை மூடிவிட்டு நிமிர்ந்தாள். அலமாரிக்குள் பூட்டி வைத்த பதினேழாம் நம்பர் டோக்கன் டைப்ரைட்டர் மேல் இருந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

ஸ்டானிஸ்லாஸுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாதம் வந்து இடதுபக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறும். இராயபுரத்தில் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில் கிடப்பார். எல்சி வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு ஃப்ளோரா பார்த்துக்கொள்வாள். ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தில் வலது கையால் இரண்டு தட்டுத் தட்டி, நகத்தால் ஒரு இழுப்பு இழுப்பார். தட், தட், சர்ர். தண்ணீர் என்று அர்த்தம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அது வாதம் வருவதற்கு முன்பிருந்தே உண்டு. பகல் பன்னிரண்டுக்குக் கோயில் மணியும் துறைமுகச் சங்கும் சேர்ந்து ஒலிக்கும்போது அவருடைய வலது கை தானாக மேலே எழும்பும். திரிகால செபத்துக்குச் சிலுவை போடுகிறார் என்றே எல்சியின் அம்மா சாகும்வரை நம்பினாள். கோயிலைச் சேர்ந்த பங்கு மக்கள் எல்லாருக்கும் அவர்மேல் அப்படியொரு மரியாதை. திருவிழாவில் மாதா கொடியைப் பிடிப்பது பல வருஷம் அவர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் எல்சி கட்டிலருகே உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. கை எழுந்தது. நெற்றிக்குப் போகவில்லை. சுவர்ப்பக்கம் போய், இல்லாத ஒரு கொக்கியில் எதையோ மாட்டியது. கொஞ்சம் நகர்ந்து இன்னொன்றையும் மாட்டியது.

இரண்டு டோக்கன்.

“நைனா,” என்றாள் எல்சி. “பதினேழாம் நம்பர யாரு மாட்டுனது?”

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

“நான்தான்.”

குழறிக் குழறிச் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த வருஷம் சிலுவையம்மாள் உடம்பு முடியாமல் படுத்திருந்தாள். சங்கு ஊதுவதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே ஜேக்கப் பின்சுவர் இடுக்கு வழியாக நழுவி, ஓடிப்போய் அவளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வருவான். பலகை வழியாகப் போனால் மேஸ்திரி பார்த்துவிடுவார். அதனால் காலையிலேயே தன் டோக்கனை ஸ்டானியிடம் கொடுத்துவிடுவான். பன்னிரண்டு மணிக்கு ஸ்டானி தன்னுடையதோடு அவனுடையதையும் சேர்த்து மாட்டிவிடுவார். அங்கே தோஸ்துகள் எல்லாரும் எல்லாருக்கும் செய்கிற உதவிதான் அது.

“அன்னிக்கி டோக்கனக் குடுத்தப்பறம், அவ ஆத்தா வந்து அவள வூட்டுக்கு இட்டுகினு பூட்டான்னு அவனுக்குச் சேதி வந்துது. அவன் போவல. உள்ளயே சொரண்டிகினு இருந்தான். எனுக்குத் தெரியாது கண்ணு. வயக்கம் போல மாட்டிட்டேன்.”

“தட்டுன சத்தம் கேக்கலியா நைனா?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“கேட்டுது. கொயாய்ல தண்ணி அடிக்குதுன்னு நெனச்சேன். அப்பால… மறுநாளு உள்ள புதுசாப் பெயிண்ட் அடிக்கச் சொன்னாங்க. அதுவும் நான்தான் அடிச்சேன்.”

எல்சிக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, மடியில் போட்டுக்கொண்டு அழவும் தோன்றியது.

“சிலுவையம்மாவ இத்தினி வருஷமாத் திருடன் பொண்டாட்டின்றாங்க நைனா. புக்குல உள்ளத உள்ளபடி எய்திட்டா அந்தப் பேரு போயிடும்.”

“எய்து,” என்றார். உடனே வலது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “ஆனா நான் கண்ண மூடுற வரிக்கும் எய்தாத. கோயில்ல எல்லாரும் என்னக் காறித் துப்புவாங்க. கொஞ்ச நாளுதான். நான் செத்தப்பறம் எய்து.”

புத்தகம் அச்சுக்குப் போக இருந்தது இரண்டே வாரம். அதற்குப் பிறகு அந்தச் சரித்திரத்தை யார் திருத்தப்போகிறார்கள்? எழுதினால் அப்பாவின் மானம் போகும். எழுதாவிட்டால் சிலுவையம்மாள் அந்தப் பேரோடுதான் சாக வேண்டும். எல்சி மூன்று இரவு தூங்கவில்லை. சங்கரநாராயணனிடம் கோப்பைக் கொண்டுபோய்க் காட்டினாள். எழுதித்தான் ஆக வேண்டும் என்று அவரே சொல்லிவிட மாட்டாரா என்ற நப்பாசை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கல்யாண வீட்டுல எழவைப் பத்திப் பேசுவாங்களா எல்சி? இதை விட்டுடுங்க.”

விட்டுவிட்டாள். ‘1953: குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி எதுவும் இல்லை’ என்று டைப் அடித்தாள். அடித்து முடித்துக் காகிதத்தை உருவியபோது அதன் பின்பக்கம் நனைந்திருந்தது.

அன்றிலிருந்து டோக்கன் அவளை விடவில்லை. கைப்பையில் இருக்கும். சாப்பாட்டுத் தூக்கின் மேல் இருக்கும். ஒருநாள் செபமாலையை எடுக்கக் கையை விட்டபோது மாலைப் பெட்டிக்குள் இருந்தது. ஒவ்வொரு முறையும் ஈரம், ஒவ்வொரு முறையும் சூடு. அவள் அதைப் பிஸ்கட் டப்பாவில் போட்டுப் போட்டு வைத்தாள். கொக்கியில் மட்டும் மாட்டவில்லை.

ஆகஸ்ட் மாதம் விழா வந்தது. துறைமுகத்தில் பெரிய எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சிறப்பு விருந்தாளி. பதினொன்றரைக்குக் கிடங்குக்கு வருவதாக ஏற்பாடு. தோரணம் கட்டி, யானைக்கு ஒரு மாலையும் போட்டிருந்தார்கள். பதினொன்றே காலுக்குச் சங்கரநாராயணன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பலகை முன்னால் நின்றார்.

“ஒண்ணு குறையுதே.”

“பதினேழு சார்.”

“தொலைஞ்சு போச்சா?”

இல்லை என்று அவள் தலையாட்டினாள்.

“அப்புறம் என்ன? மாட்டுங்க. பல்லு போன வாய் மாதிரி இருக்கு பாருங்க.”

கலீலுல்லா வாசலில் நின்று எல்சியையே பார்த்தார். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். எல்சி கட்டிலில் கிடக்கும் அப்பாவை நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நாள்தானே. டப்பாவைத் திறந்து டோக்கனை எடுத்து, தன் கையாலேயே பதினேழாவது கொக்கியில் மாட்டினாள். நாலாவது கொக்கியில் அப்பாவின் டோக்கன் பளபளத்துக்கொண்டிருந்ததையும் அப்போது பார்த்தாள். அதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறாள்.

விருந்தாளி தாமதமாக வந்தார். கூட்டத்தோடு யானை முன்னால் போய் நின்றார். சங்கரநாராயணன் பெருமையாக விளக்கினார். துறையின் சொந்தத் தயாரிப்புப் பெயிண்ட் தொட்டியின் உள்சுவரில் பத்தொன்பது வருஷமாகச் சுரண்டப்படாமல், உதிராமல் இருக்கிறது என்றார்.

சங்கு ஊதியது. கோயில் மணியும் கேட்டது.

தட். தட். தட்.

விருந்தாளி பேச்சை நிறுத்தினார்.

தட். தட். தட்.

“குழாய்ல ஏதோ… தண்ணி…” என்றார் சங்கரநாராயணன்.

“எந்தக் குழாய்?” என்றார் விருந்தாளி. குழாய்களையெல்லாம் 1960லேயே அறுத்துவிட்டார்கள். முனைகள் அவர் கண்ணெதிரே மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தன.

தட்டு வேகமானது. கையால் தட்டவில்லை, இரும்பால். யானையின் கழுத்து மாலை குலுங்கிப் பூ உதிர்ந்தது. யானையின் உடம்பு முழுக்க வேர்த்து, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. அந்த வெந்த ஆவி வாசனை மூக்கில் ஏறியது. பின்வரிசையில் ஒருவர் ஓடினார்.

பிறகு தட்டு மெல்லக் குறைந்தது.

தட். தட்.

தட்.

உள்ளே இருப்பவன் களைத்துப் போகிறான்.

எல்சியால் அதைத்தான் தாங்க முடியவில்லை. பேயென்ற பயம்கூட அவளுக்கு அப்போது இல்லை. உள்ளே ஒரு மனுஷன், வெளியே இருபது பேர், ஒருத்தரும் திறக்கவில்லை. அவள் பலகைக்கு ஓடினாள். கை வெந்தாலும் விடாமல் டோக்கனைப் பிடுங்கினாள்.

“உள்ள ஆள் கீது!” என்று கத்தினாள். “ஜேக்கப் உள்ள கீறாரு! அவரு வெளிய போவவே இல்ல. இந்த டோக்கன மாட்டுனது எங்க நைனா. மெக்கானிக் ஸ்டானிஸ்லாஸ். தெரியாம மாட்டிட்டு, தெரிஞ்சும் பொய் சாட்சி போட்டுட்டாரு. ஜேக்கப் திருடன் இல்ல!”

தட்டு நின்றது.

விருந்தாளிதான் முதலில் அசைந்தார். “மூடியைத் திறங்க” என்றார்.

கலீலுல்லா இத்தனை வருஷம் கழித்து முதல்முறையாகப் படியைத் தாண்டி உள்ளே வந்தார். துருவேறி இறுகியிருந்த போல்ட்டுகள் அவர் ஸ்பேனரை வைத்ததும் எண்ணெய் போட்டதுபோல் சுழன்றன. மூடி திறந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார்கள். தொட்டி காலி, ஒரு சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. ஆனால் பத்தொன்பது வருஷம் உதிராத பெயிண்ட் மூடிக்குப் பக்கத்தில் ஒரு பாய் அகலத்துக்குப் பெயர்ந்து கீழே கிடந்தது. அது மறைத்து வைத்திருந்த இரும்பில் எழுத்துகள் தெரிந்தன. சுரண்டியின் முனையால், இருட்டில், கோணல்மாணலாகக் கீறியவை.

ஸ்டானி தொறடா.

அதையே ஆறேழு முறை, ஒன்றின்மேல் ஒன்றாக.

நைனா பெயிண்ட் அடித்து மறைத்தது எதை என்று எல்சிக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரத்தில்தான் ஃப்ளோராவின் பிள்ளை வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

ஸ்டானிஸ்லாஸ் பன்னிரண்டு மணிக்கு இறந்துவிட்டார்.

“மணி அடிச்சுதா, எப்பவும் போல கையத் தூக்குனாரு,” என்றாள் ஃப்ளோரா, அழுதுகொண்டே. “ஆனா இன்னிக்கி மாட்டல எல்சி. சொவுத்துலேர்ந்து இன்னாத்தையோ எடுத்தா மாதிரி எடுத்து, சட்டப் பையில போட்டுகினாரு. ‘வந்துட்டேன்டா’ன்னாரு. அவ்ளோதான்.”

குளிப்பாட்டுவதற்காகச் சட்டையைக் கழற்றியவள் எல்சிதான். பை கனத்தது. உள்ளே பித்தளை டோக்கன், ஈரமாக, இளஞ்சூடாக. புளி போட்டு இரண்டு தடவை தேய்த்த நாலாம் நம்பர்.

உள்ளே போகிறவன்தான் டோக்கனைப் பையில் போட்டுக்கொள்வான்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவின் கல்யாணக் கோட்டை உடுத்தி, டோக்கனைக் கோட்டுப்பையிலேயே போட்டு, பையின் வாயை ஊசிநூலால் தைத்துவிட்டாள். காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் நடந்தது. விஷயம் அதற்குள் பங்கு முழுக்கப் பரவியிருந்தது. வழக்கமாக வருகிற கூட்டத்தில் பாதிகூட வரவில்லை. ஆனால் சிலுவையம்மாள் வந்தாள்.

எல்சி பதினேழாம் நம்பரை அவளிடம் கொடுத்தாள். இப்போது அது குளிர்ந்து, சாதாரணப் பித்தளையாக இருந்தது. “புக்கு இன்னும் அச்சு முடியல, அதுல மாத்தி எய்திட்டேன் பெரிம்மா. ‘ஜேக்கப், டோக்கன் பதினேழு, பணியில் இருக்கும்போது இறந்தார்’னு. சங்கரநாராயணன் சாரே கையெய்த்துப் போட்டுட்டாரு.”

“இன்னோருதபா சொல்லு.”

எல்சி சொன்னாள். இன்னொரு தடவையும் சொல்ல வைத்தாள் அந்தக் கிழவி. பிறகு டோக்கனை மடியில் முடிந்துகொண்டு, குழிக்குள் எட்டிப் பார்த்தாள். அழவில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்துப் போட்டாள்.

“போ ஸ்டானி. அவன் ரொம்ப நாளாக் காத்துகினு கீறான். ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கோங்க.”

ஒன்பதாம் நாள் எல்சி வேலைக்குத் திரும்பினாள். அச்சடித்து வந்த வெள்ளிவிழா மலரில் ஒரு பிரதியைக் கண்காட்சியில் வைப்பதற்காக, பதினொன்றே முக்காலுக்குக் கிடங்கைத் திறந்தாள். யானையின் மூடியை இனி மூடவே கூடாது என்று துறைத்தலைவர் உத்தரவு போட்டிருந்தார். கலீலுல்லாவும் அதைச் சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டி வைத்திருந்தார்.

சங்கிலி தரையில் கிடந்தது.

மூடி மூடியிருந்தது. பன்னிரண்டு போல்ட்டும் இறுக்கியிருந்தது.

“பாய்,” என்றாள் எல்சி. “இத்த யாரு மூடுனது?”

“யாரும் வரலயேம்மா. சாவி எங்கிட்டதான் கீது.”

அவள் மெல்லத் திரும்பிப் பலகையைப் பார்த்தாள். பதினேழாவது கொக்கி காலியாகத்தான் இருந்தது. நாலாவது கொக்கி காலியாக இல்லை.

அதில் ஒரு டோக்கன் தொங்கியது. காசிமேட்டுக் கல்லறை மண் அப்பிய டோக்கன். துளையில் இன்னும் தையல் நூல் சிக்கியிருந்தது.

தோஸ்துக்காகத் தோஸ்து மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

துறைமுகத்துச் சங்கு ஊதியது. கோயில் மணி அடித்தது. இரண்டும் ஓய்ந்த பிறகு யானையின் வயிற்றுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

தட். தட். சர்ர்.

தட். தட். சர்ர்.

எல்சி கூச்சலிட்டுக்கொண்டே டோக்கனைப் பிடுங்கி எறிந்தாள். “ஸ்பேனர் எடுங்க பாய்! நைனா உள்ள கீறாரு! தண்ணி கேக்குறாரு!”

கலீலுல்லா ஓடிவந்து ஸ்பேனரைப் போட்டார். இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினார்கள். முதல் போல்ட்டு மயிரிழைகூட அசையவில்லை. அவர்கள் தலைக்கு மேலே, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே அறுத்துவிட்ட நீராவிக் குழாயின் மொட்டை முனை ‘உஸ்’ஸென்று சீறத் தொடங்கியது.